பழுது முதலில், பாகம் பிறகு
பழைய செயின்சோக்களைத் திருத்துவதும் விற்பதும் பற்றிச் சில வார்த்தைகள்

மரம் அரியும் செயின்சோ ஒன்று நின்றுவிட்டால் அதைப் பிடித்தவரின் அன்றைய கூலி மட்டும் நிற்பதில்லை. மரம் ஏற்ற வந்த லொறி நிற்கிறது. மரக்காலையில் பலகைக்காகக் காத்திருக்கும் ஓடாவி நிற்கிறார். விறகை நம்பியிருக்கும் பேக்கரி நிற்கிறது. அதனால்தான் பழுதான செயின்சோவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருபவர் எப்போதும் அவசரத்தோடு வருகிறார். அவசரத்தோடு வரும் வாடிக்கையாளரிடம் எதையும் விற்றுவிடலாம். அப்படி விற்கக் கூடாது என்பதே இந்த வாரம் நாம் சொல்ல வருவது.

திருகோணமலை நகரை அண்டிய அன்புவழிபுரத்தில், வெளியே பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு கொட்டகையில் செயின்சோ திருத்தும் பாஸ் ஒருவர் இருக்கிறார். தமிழ்ச் சகோதரர். நகரக் கடைகளிலிருந்தும், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கங்களிலிருந்தும் அவரிடம் மெஷின்கள் வருகின்றன. அவற்றில் பல, அவற்றைக் கொண்டு வரும் பிள்ளைகளின் வயதைவிட மூத்தவை. அவரிடம் நான் கண்ட ஒரு பழக்கத்தை எல்லாக் கடைக்காரர்களும் பின்பற்றலாம். மெஷினை மேசையில் வைத்தவுடன் அவர் ஸ்பேனரை எடுப்பதில்லை. "எப்படி நிண்டது? சூடாகி நிண்டதா, திடீரெண்டு நிண்டதா, காலையில இருந்தே பிடிக்கல்லையா?" என்று கேட்கிறார். பழுதின் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது.

பழைய மெஷின்கள் ஏன் இன்னும் ஓடுகின்றன?

ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் அன்ட்ரியாஸ் ஸ்டில் என்பவர் 1926இல் தன் கம்பனியைத் தொடங்கியபோது, அவர் செய்த வாள் மின்சாரத்தில் ஓடியது. அதைத் தூக்க இரண்டு ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1929இல் பெற்றோலில் ஓடும் வாள் வந்தது. ஓர் ஆள் தனியாகப் பிடிக்கக்கூடிய பெற்றோல் வாளை அந்தக் கம்பனி 1950இல்தான் வெளியிட்டது. சுவீடனின் ஹஸ்க்வர்னா கம்பனி 1689இல் துப்பாக்கிகள் செய்வதற்காகத் தொடங்கப்பட்டது. அது தன் முதல் செயின்சோவை 1959இல் சந்தைக்குக் கொண்டு வந்தது.

நமது பகுதிகளில் அதிகம் பேர் அறிந்த பெயர் ஸ்டில் 070. 106 சீசீ எஞ்சின். பாரமானது, சத்தமானது, பெற்றோலை நன்றாகக் குடிப்பது. ஆனால் முதிரை, பாலை, வீரை போன்ற வைரமான மரங்களுக்கு முன்னால் மூச்சு வாங்காதது. அதன் தம்பி போன்றது 56 சீசீ கொண்ட 08. ஐரோப்பாவில் இவற்றின் காலம் முடிந்த பின்னரும் பிரேசில் தொழிற்சாலையில் நெடுங்காலம் இவற்றைச் செய்தார்கள். ஆசிய, ஆபிரிக்க, தென்னமெரிக்க நாடுகளில் இவற்றுக்கு இருந்த கிராக்கியே அதற்குக் காரணம். பின்னர் சீனாவிலிருந்து அதே உருவத்தில் பிரதிகளும் வந்தன.

இவை இன்னும் ஓடுவதற்கு முதல் காரணம், எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டலாம் என்பது. உடல் பெரும்பாலும் உலோக வார்ப்பு. கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. ஸ்க்ரூ டிரைவரும் ஸ்பேனரும் அனுபவமும் போதும்.

இரண்டாவது காரணம் நமது நாட்டு நிலைமை. 2019இன் தொடக்கத்தில் செயின்சோ வைத்திருப்போர் அனைவரும் அவற்றைப் பதிவு செய்ய வேண்டுமென அரசாங்கம் அறிவித்தது. காடழிப்பைத் தடுக்க செயின்சோ இறக்குமதியை நிறுத்தப் போவதாக அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதே வருடம் கூறினார். 2020இல் டொலர் தட்டுப்பாட்டால் பல பொருட்களுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. 2022இல் பொருளாதாரமே படுத்துவிட்டது. அந்த வருடங்களில் கையில் இருந்த பழைய மெஷினைத் திருத்தித் திருத்தி ஓட்டியவர்களே தொழிலில் நின்றார்கள். கோழிக்கூட்டுக்கு மேலே தூசி படிந்து கிடந்த மெஷின்கள்கூட அப்போது கீழே இறங்கின.

புதிது வாங்குவது கஷ்டமாகும்போது திருத்தம் ஒரு வியாபாரமாகிறது. ஆனால் அந்த வியாபாரம் நிலைத்து நிற்பது பாகம் விற்ற எண்ணிக்கையால் அல்ல. சரியான பழுதைக் கண்டுபிடித்த எண்ணிக்கையால்தான்.

நான்கு கேள்விகள், ஒரே ஒழுங்கு

கடைக்கு வருபவர் பெரும்பாலும் பழுதைச் சொல்வதில்லை, மருந்தையே கேட்கிறார். "நானா, இழுத்து இழுத்துக் கை விட்டுப் போச்சு, காபரேட்டர் ஒண்டு தாங்க" என்பார். எடுத்துக் கொடுத்தால் நமக்கு இலாபம். ஆனால் பழுது ப்ளக்கில் இருந்தால், அடுத்த நாள் அவர் காபரேட்டரோடு திரும்பி வருவார், அல்லது வராமலே போய்விடுவார். இரண்டாவதுதான் பெரிய நட்டம்.

பெற்றோல் எஞ்சின் ஓட நான்கு விடயங்கள் வேண்டும். நெருப்பு, எண்ணெய், காற்று, அமுக்கம். இந்த நான்கையும் செலவு குறைந்ததிலிருந்து ஒழுங்காகப் பார்க்க வேண்டும்.

முதலாவது நெருப்பு. ப்ளக்கைக் கழற்றி, அதன் தொப்பியைப் போட்டு, உலோகத்தில் வைத்துக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். பக்கத்தில் பெற்றோல் இருக்கக் கூடாது. நீல நிறமாகப் பொறி பாய வேண்டும். பொறி இல்லையென்றால் உடனே கொயிலைக் குற்றம் சொல்லாதீர்கள். முதலில் வேறொரு நல்ல ப்ளக்கைப் போட்டுப் பாருங்கள். அடுத்து, மெஷினை நிறுத்தும் ஸ்விட்சுக்குப் போகும் வயரைக் கழற்றி விட்டுப் பாருங்கள். பழைய மெஷின்களில் இந்த வயரின் தோல் உரிந்து உடம்பில் பட்டு, பொறியைத் தின்றுவிடும். ஒரு துண்டு டேப்போடு முடிய வேண்டிய வேலைக்குப் புதுக் கொயில் வாங்கியவர்கள் உண்டு.

பொயின்ட் உள்ள பழைய மாடல்களில் பறக்கும் சக்கரத்துக்குக் கீழே பொயின்ட் கறுத்துப் போயிருக்கலாம். சுத்தம் செய்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீற்றருக்குள் வைத்தால் பொறி திரும்பி வரும். மாதக்கணக்கில் ஓடாமல், உப்புக்காற்றில் கிடந்த மெஷின்களில் இது அடிக்கடி காணும் பழுது. துறைமுக ஊரில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. ப்ளக்கின் இடைவெளி பொதுவாக 0.5 மில்லிமீற்றர். கொயிலுக்கும் சக்கரத்துக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் அளவு போதும்.

இரண்டாவது எண்ணெய். பத்துத் தடவை இழுத்த பிறகு கழற்றிய ப்ளக் ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? காய்ந்திருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை. தாங்கிக்குள் இருக்கும் பில்டரையும், அதிலிருந்து வரும் குழாயையும் பாருங்கள். பழைய ரப்பர் குழாய் வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும், வளைத்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும். அந்த வெடிப்பு பெற்றோலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். அதன் பிறகுதான் காபரேட்டர்.

செயின்சோவின் காபரேட்டர் மோட்டார் சைக்கிளின் காபரேட்டர் போல மிதவை கொண்டதல்ல. மெல்லிய டயஃப்ரம் ஒன்று மூச்சு விடுவதுபோல அசைந்து பெற்றோலை இழுக்கிறது. அதனால்தான் மெஷினைச் சரித்தும் கவிழ்த்தும் மரம் அரிய முடிகிறது. வருடக்கணக்கில் அந்த டயஃப்ரம் காய்ந்து கடதாசிபோல விறைத்துவிடும். விறைத்த டயஃப்ரத்தை மாற்றக் கிட் ஒன்று போதும், முழுக் காபரேட்டர் தேவையில்லை. விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம்.

மூன்றாவது காற்று. எயார் பில்டர் மரத்தூளால் அடைபட்டால் மெஷின் கறுப்புப் புகை விட்டு மூச்சுத் திணறும். சைலன்சரின் வாயில் கரி அடைத்தாலும் அதே கதைதான். இவை இரண்டுக்கும் செலவு இல்லை, நேரம் மட்டும்தான்.

நான்காவது அமுக்கம். கயிற்றின் பிடியைப் பிடித்து மெஷினைத் தரையிலிருந்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். கயிறு விறைத்து, மெஷின் தொங்கிக்கொண்டு சிறிது சிறிதாக இறங்கினால் அமுக்கம் உண்டு. கயிறு தடையில்லாமல் வழுக்கி வந்தால் பிஸ்டனிலோ ரிங்கிலோ பிரச்சினை. மீற்றர் வைத்திருப்பவர்கள் ப்ளக் துளையில் பூட்டிப் பார்க்கலாம். 120 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் கவலையில்லை. 90க்குக் கீழே போனால் மெஷின் பிடிக்கவே சிரமப்படும்.

எஞ்சினைக் கழற்றாமல் பிஸ்டனைப் பார்க்க ஒரு வழி உண்டு. சைலன்சரைக் கழற்றினால் அந்தத் துளை வழியாக பிஸ்டனின் பக்கம் தெரியும். பளபளப்பாக இருந்தால் நல்லது. நீளவாக்கில் கீறல்கள் இருந்தால் மெஷின் ஒயில் இல்லாமலோ, பெற்றோல் போதாமலோ சூடேறியிருக்கிறது. இந்த ஐந்து நிமிடச் சோதனையை வாடிக்கையாளரின் கண் முன்னாலேயே செய்து, அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு நீங்கள் சொல்லும் விலையை அவர் சந்தேகிக்க மாட்டார்.

சூடானதும் நிற்கும் மெஷின்

ஆட்களை அதிகம் ஏமாற்றும் பழுது இதுதான். காலையில் நன்றாகப் பிடிக்கும். பதினைந்து, இருபது நிமிடம் ஓடும். பிறகு நின்றுவிடும். ஆறியதும் மீண்டும் பிடிக்கும். இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றுக்கும் செலவு வேறு வேறு.

மெஷின் நின்றவுடனே பெற்றோல் தாங்கியின் மூடியைத் தளர்த்துங்கள். உஸ் என்று காற்று உள்ளே போய், அதன் பிறகு மெஷின் பிடித்தால், தாங்கி மூச்சு விடும் துவாரம் அடைபட்டிருக்கிறது. சுத்தம் செய்தால் சரி. அப்படி இல்லையென்றால், அந்தச் சூட்டிலேயே பொறியைச் சோதியுங்கள். சூட்டில் பொறி இல்லாமல் ஆறியதும் பொறி வந்தால் கொயில் போய்விட்டது. பொயின்ட் உள்ள மெஷினானால் கண்டென்சரும் குற்றவாளியாகலாம். பொறியும் இருக்கிறது, பெற்றோலும் வருகிறது என்றால் அமுக்கத்தைப் பாருங்கள். தேய்ந்த ரிங் சூட்டில் பிடி விடும்.

இன்னொரு அடையாளம். அக்சிலேட்டரை விட்ட பிறகும் மெஷின் உடனே தணியாமல் கத்திக்கொண்டிருந்தால், அல்லது பக்கவாட்டில் சரிக்கும்போது ஓட்டம் மாறினால், எங்கோ காற்று புகுகிறது. பெரும்பாலும் கிராங்கின் ஒயில் சீல்தான். சிலர் இதைக் காபரேட்டர் ஸ்க்ரூவைத் திருகி மறைத்துக் கொடுக்கிறார்கள். இரண்டு நாள் ஓடும். பிறகு பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். சில நூறு ரூபா சீலுக்குத் தப்பியவர் முழு எஞ்சினுக்கும் செலவு செய்ய வேண்டி வரும்.

காபரேட்டர் ஸ்க்ரூக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய மெஷின்களில் இரண்டு ஸ்க்ரூவையும் மெதுவாக முற்றாக மூடி, ஒவ்வொரு சுற்று திறந்து வைத்துத் தொடங்குவது பொதுவான முறை. முழு அக்சிலேட்டரில் கூர்மையாகக் கீச்சிட்டால் பெற்றோல் குறைவு, அது ஆபத்து. இலேசாகத் திக்குவதுபோல் ஓடி, மரத்தில் வைத்ததும் திக்கல் நின்று சீராக இழுத்தால் அதுவே சரியான அளவு.

கடலோரத்துக்கே உரிய ஒரு வியாதி

திருகோணமலையில் படகு எஞ்சின் திருத்துபவர்களே பலர் செயின்சோவையும் திருத்துகிறார்கள். இரண்டும் டூ ஸ்ட்ரோக் என்பதால் அது இயல்பு. ஆனால் படகுகளில் பாவிக்கும் எஞ்சின்களில் பல, பெற்றோலில் பிடித்து மண்ணெண்ணெயில் ஓடும்படி செய்யப்பட்டவை. செயின்சோ அப்படியல்ல. வீட்டில் இருக்கும் மண்ணெண்ணெயைக் கொஞ்சம் கலந்தால் என்ன என்று நினைப்பவர்கள் உண்டு. 2022 ஓகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா. அப்போது பெற்றோல் 450. அந்த வித்தியாசம் பலரின் கையை இழுத்தது. அந்த மாதம் மண்ணெண்ணெய் 340 ரூபாவானதும் ஆசை குறைந்தது, பழக்கம் முற்றாகப் போகவில்லை.

சந்தேகமானால் வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். ஒயில் கலக்காத சுத்தமான பெற்றோல் காய்ந்து அடையாளமில்லாமல் போகும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கறை தங்கும். கலவை ஊற்றிய தாங்கிக்கு இந்தச் சோதனை பொருந்தாது, ஒயிலே கறை விடும். ஆகவே கலப்பதற்கு முன்பே பாருங்கள்.

ஒயில் அளவிலும் தெளிவு வேண்டும். நல்ல டூ ஸ்ட்ரோக் ஒயிலானால் 50க்கு 1, அதாவது லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். சாதாரண ஒயிலானால் பழைய மெஷின்களுக்கு 25க்கு 1, லீற்றருக்கு 40 மில்லிலீற்றர். தேனீர்க் கோப்பையாலும் போத்தல் மூடியாலும் அளப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அளவு போட்ட சிறிய போத்தல் ஒன்றைக் கடையிலேயே வைத்து விற்கலாம். மருந்துக் கடைகளில் கிடைக்கும் சிரிஞ்சும் போதும்.

2022இல் பெற்றோல் வரிசையும், கேன்களுக்கு எரிபொருள் கொடுப்பதில் கட்டுப்பாடும், கியூஆர் முறையும் வந்தபோது, கிடைத்ததை மாதக்கணக்கில் சேமித்து வைக்கப் பலர் பழகிவிட்டார்கள். ஒயில் கலந்த பெற்றோல் பழசானால் பிசினாகும். அந்தப் பிசின் காபரேட்டரின் ஊசித் துவாரங்களை அடைக்கும். ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் கலக்கச் சொல்லுங்கள். மெஷினை நீண்ட நாள் வைப்பதானால் தாங்கியைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வைப்பது நல்லது.

பல்லைப் பார்க்காமல் எஞ்சினைத் திட்டாதீர்கள்

"மெஷினில பலம் இல்ல" என்று வருபவர்களில் பலருக்கு எஞ்சினில் பழுதே இல்லை. செயின் மழுங்கியிருக்கிறது. வெட்டும்போது விழுவது சீவல் போன்ற துண்டுகளானால் செயின் கூர். மாவு போன்ற தூளானால் மழுங்கல். வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போனால், ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் தேய்ந்திருக்கின்றன அல்லது பாரின் ஓரம் சரிந்திருக்கிறது.

இன்று நாம் பாவிக்கும் செயின் பல்லின் உருவத்துக்குப் பின்னால் ஒரு புழுவின் கதை இருக்கிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலாளியாக இருந்த ஜோ கொக்ஸ், மரத்தைக் குடையும் வண்டின் புழு தன் தாடைகளால் வலதும் இடதுமாக மாறி மாறி அரிவதைக் கவனித்தார். அதே முறையில் செயின் செய்து 1947இல் கம்பனி தொடங்கினார். ஒரிகன் என்ற பெயரில் இன்றும் நம் கடைகளில் கிடைக்கும் செயின் அதன் வழிவந்ததே. ஒரு தொழிலாளி தன் வேலையை உற்றுப் பார்த்ததால் வந்த வியாபாரம் அது.

தென்னையும் பனையும் வெட்டினால் செயின் சீக்கிரம் மழுங்கும். வெளி வைரம் கடினம், நாருக்குள் மண்ணும் சிக்கியிருக்கும். ஆகவே நமது மாவட்டத்தில் செயினோடு அரத்தையும் சேர்த்தே விற்க வேண்டும். அரத்தின் அளவு செயினின் பிட்ச்சுக்குப் பொருந்த வேண்டும். எட்டில் மூன்று அங்குலச் செயினுக்கு 5.2 அல்லது 5.5 மில்லிமீற்றர் உருண்டை அரம். பெரிய மெஷின்களின் 404 செயினுக்கு 5.5. பல்லின் மேல்தட்டு 30 பாகை சாய்வில், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை இழுப்பு. புதுச் செயின் கேட்டு வருபவரிடம் பழையதை வாங்கி, பிட்ச்சையும், தடிப்பையும், உள்பற்களின் எண்ணிக்கையையும் பார்த்த பிறகே வெட்டிக் கொடுங்கள். ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் வாடிக்கையாளருக்கு ஒரு நாள் வீண்.

திருத்தாமல் திருப்பி அனுப்ப வேண்டியவை

எல்லா மெஷினையும் திருத்துவது திறமை அல்ல. பழைய 070, 08 போன்றவை செயின் பிரேக் இல்லாமல் வந்தவை. பாரின் நுனி மேல்பகுதி மரத்தில் பட்டால் மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் பின்னால் எகிறும். புதிய மெஷின்களில் முன்கைக் காவல் அந்த நேரத்தில் செயினை நிறுத்துகிறது. பழையவற்றில் நிறுத்த எதுவும் இல்லை. அதை வாங்கவோ திருத்தவோ வரும் இளைஞரிடம் இதைச் சொல்வது கடைக்காரரின் கடமை. செயின் கச்சர் உடைந்த மெஷின், அக்சிலேட்டரை விட்டும் செயின் சுற்றிக்கொண்டிருக்கும் மெஷின், கைபிடி வெடித்துக் கம்பி கட்டிய மெஷின் ஆகியவற்றை அந்தக் குறையைச் சரிசெய்யாமல் ஓடவிட்டுக் கொடுக்காதீர்கள். ஒருவரின் கால் போனால், அந்த மெஷின் கடைசியாக எந்தக் கடையிலிருந்து போனது என்று ஊர் கேட்கும். ஊர் கேட்காவிட்டாலும் நம் மனம் கேட்கும்.

சட்டப் பக்கமும் உண்டு. இலக்கம் சுரண்டப்பட்ட மெஷினையும், பதிவுக்கு ஆதாரம் காட்ட முடியாத மெஷினையும் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். களவு மாலாக இருக்கலாம். களவாக மரம் வெட்டியதாகவும் இருக்கலாம். பலா, பெண்பனை போன்ற மரங்களை அனுமதியின்றி வெட்டுவதை 1951ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மரம் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும். திருத்த வரும் ஒவ்வொரு மெஷினின் இலக்கத்தையும், கொண்டு வந்தவரின் பெயரையும், திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பவருக்கு எந்த விசாரணையிலும் பயமில்லை.

கடைக்காரர்களுக்குச் சில யோசனைகள்

ஒன்று, சோதனைக்குத் தனியாக ஒரு சிறு கட்டணம் வையுங்கள். திருத்தினால் அதைக் கூலியில் கழித்து விடுங்கள். சோதிப்பதற்குக் கூலி இல்லாத இடத்தில்தான் தேவையில்லாத பாகம் விற்கப்படுகிறது. ஏனென்றால் திருத்துபவர் தன் நேரத்தை எப்படியாவது பாகத்தில் எடுக்கப் பார்ப்பார்.

இரண்டு, பழுதையும் செலவையும் முதலே சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைச் சிறு பையில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். அன்புவழிபுரத்து பாஸ் இதைத் தவறாமல் செய்கிறார். "பழசக் கையில குடுத்தா நானா, ஆளுக்கு ஒரு கேள்வியும் வராது" என்பது அவர் வாக்கு.

மூன்று, முதலைப் பெரிய பாகங்களில் முடக்காதீர்கள். அடிக்கடி போவது ப்ளக், பெற்றோல் குழாய், பில்டர், டயஃப்ரம் கிட், ஸ்டார்ட்டர் கயிறும் சுருளும், ஒயில் சீல், அரம், செயின். இவை எப்போதும் இருக்க வேண்டும். பிஸ்டன், சிலிண்டர், கொயில் போன்றவற்றைக் கேட்டு எடுத்துக் கொடுக்கலாம்.

நான்கு, அசலையும் பிரதியையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பிரதிப் பாகம் விற்பது குற்றமல்ல. பிரதியை அசல் என்று விற்பதே குற்றம். "இது அசல், இந்த விலை. இது பிரதி, இந்த விலை" என்று இரண்டையும் காட்டி விடுங்கள். வாடிக்கையாளர் தன் சக்திக்கேற்பத் தெரிவு செய்வார். பற்றுச்சீட்டிலும் அப்படியே எழுதுங்கள். பொருளின் குறையை மறைக்காமல் சொல்லி விற்பது நமது வியாபாரத்துக்கு மார்க்கம் இட்ட நிபந்தனை என்பதை இங்கே புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

ஐந்து, பருவத்தைப் பாருங்கள். நமது மாவட்டத்தில் வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் மெஷின்களைத் தயார் செய்து வைக்க வேண்டும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் நாட்டையே உலுக்கியது. புயல் வந்து போன காலையில் பாதையில் விழுந்த மரத்தை அகற்ற முதலில் தேடப்படுவது ஓடும் செயின்சோதான். ஒக்டோபர் மாதத்திலேயே உங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, "மெஷினை ஒருக்காக் கொண்டு வாங்க, பார்த்து வைப்பம்" என்று சொல்லுங்கள். அது வியாபாரத்துக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

ஆறு, கடையில் நிற்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒழுங்கைக் கற்றுக் கொடுங்கள். நெருப்பு, எண்ணெய், காற்று, அமுக்கம் என்று சுவரில் எழுதி ஒட்டினாலும் பரவாயில்லை. பழைய மெஷின்களின் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த பாஸ்மார் வயதாகி வருகிறார்கள். அவர்களின் பக்கத்தில் ஒரு பிள்ளையை இருத்துவது அந்தப் பிள்ளைக்கு ஒரு தொழில் கொடுப்பதாகும்.

பழைய மெஷினோடு வருபவர் புதிது வாங்க வசதியில்லாதவர், அல்லது பழையதை நம்பியே வாழ்பவர். இரண்டு பேருமே ஒரு ரூபாவைப் பார்த்துச் செலவு செய்பவர்கள். அவர்களுக்கு இருபது ரூபா டேப்பில் வேலை முடியுமென்றால் அந்த இருபது ரூபாவை மட்டும் வாங்குங்கள். நாளைக்கு அவர் சிலிண்டர் மாற்ற வேண்டி வந்தால், கொழும்பில் மலிவாகக் கிடைத்தாலும் உங்களிடம்தான் வருவார்.